நிகரனைத் தள்ளச் சொல்லி இருபத்துமூன்று அட்டைகள்

சூலூர்,
3.12.1995, ஞாயிறு மாலை.

அன்பும் மரியாதையும் நிறைந்த அப்பாவுக்கு, ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவில் படிக்கும் மகள் பொற்கொடி எழுதிக்கொள்வது.

இந்தக் கடிதத்தில் நடந்ததை நடந்தபடியே பதிவு செய்யப்போகிறேன். எனக்குச் சாதகமில்லாததையும் விடமாட்டேன். இங்கே நான், அம்மா, உங்கள் சைக்கிள் மூவரும் நன்றாக இருக்கிறோம். சைக்கிளுக்குப் பின்சக்கரத்தில் மட்டும் காற்று நிற்பதில்லை. அங்கே நீங்களும் உங்கள் அறைத்தோழர் பொங்கியண்ணன் அவர்களும் கொசுக்கடி குறைந்து நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதை உங்களுக்கு வாசித்துக் காட்டப்போகிறவர் அவர்தான் என்பதால் அவருக்கு ஒரு வேண்டுகோள். சில இடங்களில் அவருக்குச் சங்கடமாக இருக்கலாம். அந்த இடங்களில் சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்தால் போதும். உங்களுக்குத்தான் உதட்டைப் பார்த்தே புரியுமே.

முதலில் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன் அப்பா. உங்களை விண்வெளியில் தள்ளிக் கொன்றுவிடும்படி கேட்டு இருபத்துமூன்று தபால் அட்டைகள் எழுதினேன். எல்லாம் நானே எழுதியவை. பதினொன்று வலது கையால், பன்னிரண்டு இடது கையால்.

எதையும் ஒன்றும் தெரியாதவருக்குச் சொல்வதுபோல முதலிலிருந்து எழுத வேண்டும் என்று எங்கள் அறிவியல் ஆசிரியை மெர்சி டீச்சர் சொல்வார். ஆகவே உங்களுக்குத் தெரிந்ததையும் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். போன சித்திரையில் மெட்ராஸிலிருந்து டி.வி.க்காரர்கள் வந்து நம் முதலாளி தம்பிதுரை அவர்களுடைய தறிக்குடோனில் படம் பிடித்தார்கள். நாற்பது விசைத்தறி ஒன்றாக ஓடுகிற இடம் அவர்கள் கண்ணுக்கு ஆகாயக் கப்பலின் எஞ்சின் அறையாகத் தெரிந்தது. டைரக்டர் தொண்டை கிழியக் கத்தினார், ஒருவருக்கும் கேட்கவில்லை. தறி ஓடும்போது குடோனுக்குள் யாருக்கு எது கேட்டிருக்கிறது? நம் ஆட்கள் எல்லாம் உதட்டைப் பார்த்துப் பேசிக்கொள்கிறவர்கள். அந்தக் கோடியில் நிற்பவர் நூல் தீர்ந்துவிட்டது என்று வாயசைத்தால் இந்தக் கோடியில் நிற்பவர் எழுந்துபோய் எடுத்துவருவார். டைரக்டர் எரிச்சலில் தம் உதவியாளரைப் பற்றி வாய்க்குள்ளேயே ஏதோ சொல்ல, இருபதடி தள்ளி ஸ்பேனரோடு நின்ற நீங்கள் சிரித்துவிட்டீர்கள். தறி ஃபிட்டருக்கு அது தெரிந்துவிட்டதே என்று அவர் பயந்துபோய்த் தறியை நிறுத்தச் சொல்லி உங்களிடம் வந்தார். பயந்தவர் உங்கள் முகத்தைப் பக்கத்தில் பார்த்ததும் யோசிக்க ஆரம்பித்தார். வைகாசியில் மூன்று மாத வேலை என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினீர்கள். இது ஏழாவது மாதம்.

ஆவணியிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் காலை பத்து மணிக்கு ‘நாற்பத்தொன்றாம் கலம்’ வருகிறது. நீங்கள் அதில் நிகரன், கலத்தின் காற்றுக் கிடங்குக்குப் பொறுப்பாளர். காற்று உருளைகளை ரகசியமாகப் பகைக்கோளுக்கு விற்கிறவரும் நீங்கள்தான், உங்கள் பங்குக் காற்றைக் கலத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டு படுக்கிறவரும் நீங்கள்தான். நீங்கள் நல்லவரா கெட்டவரா என்று கதை எழுதுகிறவருக்கே தெரியாது என்று நினைக்கிறேன். நான் ஒவ்வொரு வாரமும் நோட்டில் குறித்துக்கொள்கிறேன். கேப்டன் ஆதவனாக வருகிறவர் மேடையில் நடித்துப் பழகியவர் போலிருக்கிறது. அறைக்குள் மார்பு முதலில் வருகிறது, அவர் பின்னால் வருகிறார். தேர்த்திருவிழாவில் கடைசியில் நிற்பவருக்கும் கேட்க வேண்டும் என்பதுபோல ‘கலத்தைத் திருப்பு’ என்கிறார், திருப்ப வேண்டியவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பகைக்கோள் அரசி காரணமே இல்லாமல் சிரிக்கிறார். கடிகாரம் வைத்துப் பார்த்தேன், பதினான்கு விநாடி. நீங்கள் மட்டும் ஒன்றுமே செய்வதில்லை. சும்மா நிற்கிறீர்கள். எதிரில் இருப்பவர் வாயைப் பார்க்கிறீர்கள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மெல்லத் தேய்க்கிறீர்கள். ‘அந்த விரல் தேய்ப்பிலேயே நிகரனின் பணத்தாசை தெரிகிறது, அற்புதமான நடிப்பு’ என்று கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர் வாரப் பத்திரிகைக்கு எழுதியிருந்தார். நூலுக்கு முறுக்குச் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற கைப்பழக்கம் அது என்பது கும்பகோணத்தில் எப்படித் தெரியும்? இன்னொன்றையும் நான் கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். பொய் சொல்லும்போது நீங்கள் விட்டத்தைப் பார்ப்பீர்கள். அம்மா ‘மாத்திரை போட்டீங்களா’ என்று கேட்டால் பார்ப்பீர்களே, அதே விட்டம். ‘கிடங்கில் இருந்தது இவ்வளவுதான்’ என்று நிகரன் அரசியிடம் சொல்லும்போது மேலே பார்த்தார். பிள்ளைகளுக்கு என்று எங்கோ ஒளித்துவைத்திருக்கிறார் என்று நான் அப்போதே அம்மாவிடம் சொன்னேன். அடுத்த வாரம் அப்படியேதான் ஆயிற்று.

இதனால் ஊரில் நமக்கு ஏற்பட்ட நிலைமையை எழுத வேண்டும். நம் குடோன் ஆட்கள் எல்லாரும் முதலாளி வீட்டில்தான் பார்க்கிறோம். கலர் டி.வி.யை வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்துவிடுவார்கள், நாங்கள் களத்தில் உட்கார்ந்துகொள்வோம். நீங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றிய வாரம் முதலாளியம்மா பூவாத்தாள் அவர்கள் வெளியில் வந்து, “ஏனுங்க மாசாணி, நீங்க எதுக்கு அங்க குத்த வெச்சிருக்கறீங்க, உள்ள வாங்க” என்று அம்மாவைக் கூப்பிட்டுப் பிரம்பு நாற்காலியில் உட்காரவைத்துக் காபி கொடுத்தார். ‘ங்க’ போட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை. அடுத்த வாரம் நீங்கள் பன்னிரண்டு உருளைகளைப் பகைக்கோளுக்கு விற்றுவிட்டீர்கள். அதற்கடுத்த ஞாயிறு, “அங்கயே உக்காந்துக்கோ மாசாணி, காத்து நல்லா வருதல்ல” என்றார். மூன்றாவது வாரம் நீங்கள் விற்ற காற்றில்தான் பகைக்கோளின் நோயாளிகள் உயிர் பிழைத்தார்கள் என்று தெரியவந்தபோது, அவர் காபித் தம்ளரோடு நடைப்படியில் வந்து நின்று, களத்துக்கு இறங்குவதா எங்களை உள்ளே கூப்பிடுவதா என்று தெரியாமல், கடைசியில் தாமே குடித்துவிட்டார். நான் அம்மாவிடம், உள்ளே உட்காருவதுதானே நமக்கு மரியாதை என்றேன். “உள்ள இருந்து பாத்தா பொட்டி ஒருச்சாய்ச்சுத் தெரியுது கண்ணு. களத்துல இருந்தாத்தான் உங்கப்பன் மூஞ்சி நேராத் தெரியுது” என்றார் அம்மா.

பள்ளியிலும் இதே தொல்லைதான். ‘நான் வியக்கும் ஒரு மனிதர்’ என்று கட்டுரைப் போட்டி வைத்தார்கள். எல்லாரும் தலைவர்களைப் பற்றி எழுதினார்கள், நான் நிகரனைப் பற்றி ஆறு பக்கம் எழுதினேன். மெர்சி டீச்சர்தான் திருத்தினார். சிவப்பு மையில் ‘நடை நன்று, முடிவு இல்லை’ என்று எழுதி மூன்றாம் பரிசுக்கும் கீழே தள்ளிவிட்டார். நிகரனுக்கே முடிவு இல்லையே டீச்சர், நான் எங்கே போய் எழுதுவது என்று கேட்டேன். “மனுசன்னா நல்லவன் கெட்டவன் ரெண்டுல ஒண்ணாத்தான் இருப்பான் பொற்கொடி” என்றார். பிறகு கொஞ்ச நேரம் மதிப்பெண் பேரேட்டைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “எங்க ஊட்டுக்காரரு எந்தப் பக்கம்னு எனக்கே தெரியல. அது வேற” என்றார்.

இனி கண்ணாடி அறைக்கு வருகிறேன். ஐப்பசிக் கடைசியில் நிகரன் பிடிபட்டார். அவரைக் கலத்தின் விளிம்பில் ஒரு கண்ணாடி அறையில் அடைத்தார்கள். ஒரு பக்கம் கலம், மறு பக்கம் விண்வெளி. பொத்தானை அழுத்தினால் மறுபக்கக் கதவு திறந்துகொள்ளும். அந்தப் பொத்தான் நம் குடோன் ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தான் என்பதைக் களத்தில் இருந்த எல்லாரும் கண்டுபிடித்துவிட்டார்கள். கண்ணாடியைத் தாண்டிச் சத்தம் வராது, அதனால் வசனம் கிடையாது, வாயசைத்தால் போதும், சோக வாத்தியம் சேர்த்துக்கொள்வார்கள் என்று டைரக்டர் சொன்னதாகப் பொங்கியண்ணன் கையெழுத்தில் நீங்கள் முன்பே எழுதியிருந்தீர்கள். அதை நாங்கள் யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் முகம் பெட்டி நிறைய வந்தது. கண்ணில் நீர். பின்னால் வயலின். நிகரன் எந்த ரகசியத்தைச் சொல்கிறாரோ என்று தமிழ்நாடு முழுக்கத் தவித்திருக்கும். நம் களத்தில் இருந்த அறுபது பேரும் தெளிவாகப் படித்தோம். “மாசாணி, சோறு உண்டாச்சா?”

அம்மா உடனே உதட்டை அசைத்து, “ஆச்சுங்க. நீங்க?” என்றார்.

அப்பா, அதற்குப் பிறகு நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அறுபது பேரும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருவர் தென்னை மரத்தைப் பார்த்தார். தறியில் அம்மாவுக்குப் பக்கத்தில் நிற்கும் சின்னாத்தாள் அக்கா தம் கால் விரலை எண்ணிப் பார்த்தார். புருசன் பெண்டாட்டி பேசிக்கொள்ளும்போது பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது என்று. தொடரில் அந்த மூன்று நிமிடம் என்ன நடந்தது என்று களத்தில் ஒருவருக்கும் தெரியாது. நான் மட்டும் மகள் என்பதால் பார்த்தேன்.

அதிலிருந்து ஒவ்வொரு வாரமும் கண்ணாடி அறைக் காட்சி வந்தால் இதே கதைதான். இரண்டாம் வாரம் நீங்கள் கண்ணாடியில் கையை வைத்து, நிறுத்தி நிறுத்தி, “பதினாலாந் தறி, பிக்கிங் ஸ்டிக் தேஞ்சிருக்கும், மாத்தச் சொல்லு” என்றீர்கள். முதலாளி மரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, “அதத்தான் நா போன வாரமே சொன்னேன்” என்று எழுந்து குடோனுக்குப் போய்விட்டார். மூன்றாம் வாரம் லாட்ஜில் கொசு அதிகம் என்றும், ஓட்டல் சாம்பாரில் வெல்லம் போட்டுவிடுகிறார்கள் என்றும் சொல்லிக் கண்ணீர் விட்டீர்கள். வாத்தியம் உச்சத்துக்குப் போயிற்று. முதலாளியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு உதடு படிக்கத் தெரியாது.

ஒன்று மட்டும் எனக்கு வருத்தம். அந்தக் காட்சிகளை ஆறு வாரத்துக்கு முன்பே பிடித்துவிடுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் புரட்டாசியில் நீங்கள் கேட்ட ‘சோறு உண்டாச்சா’வுக்கு அம்மா ஐப்பசியில் பதில் சொல்லியிருக்கிறார். அதுவும் பெட்டிக்குள் போகாது. மாதம் ஒருமுறை எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் உங்களுக்குப் போன் போட்டால் நீங்கள் பேசுவதே இல்லை. அந்தப் பக்கம் தலையாட்டுகிறீர்கள் என்று எனக்குத் தெரிகிறது. இந்தப் பக்கம் அம்மாவும் தலையாட்டுகிறார். பூத்காரர், “பேசுங்க அம்மணி, மீட்டர் ஓடுது” என்கிறார். முகம் தெரியாமல் உங்கள் இருவருக்கும் பேச்சு வருவதில்லை. உங்கள் சட்டை ஒன்று இன்னும் கொடியில் தொங்குகிறது. துவைத்ததைத்தான் அம்மா வாரம் ஒருமுறை எடுத்து மறுபடி துவைத்துப் போடுகிறார்.

போன மாதக் கடைசி ஞாயிறு, தொடர் முடிந்ததும் ஓர் அறிவிப்பு வந்தது. ‘நிகரனை மன்னிப்பதா, விண்வெளியில் தள்ளுவதா? நேயர்களே முடிவு செய்யுங்கள். டிசம்பர் பத்துக்குள் தபால் அட்டை வந்து சேர வேண்டும்.’ மன்னித்தால் இன்னும் இருபத்தாறு வாரம் நிகரன் உண்டு. தள்ளினால் அடுத்த நாளே உங்களுக்கு அங்கே வேலை இல்லை. செவ்வாய்க்கிழமை முதலாளி குடோனுக்கு வந்து அம்மாவை ஓரமாகக் கூப்பிட்டார். “ஏனம்மணி, நா பொங்கல் வரைக்கும் பாக்கறேன். அதுக்கு மேல பல்லடத்துல இருந்து ஒரு ஃபிட்டர் வாரேன்கறான். காளிச்சாமி கை மாதிரி வராதுதான். ஆனா தறி நிக்குதல்ல?” என்றார். அம்மா, “சரீங்க” என்றார். ஃபிட்டர் மாறினால் ஃபிட்டருக்கு என்று விட்டிருக்கும், நாம் குடியிருக்கும் அறையும் மாறும் என்பதை இருவருமே சொல்லவில்லை. நான் தறி மறைவில் நின்று இரண்டு பேர் உதட்டையும் படித்துவிட்டேன்.

அன்று மாலையே முடிவு செய்தேன். நீங்கள் சாக வேண்டும். முதலில் ஆதரவு திரட்டிப் பார்த்தேன். சின்னாத்தாள் அக்கா, “உங்கப்பன் சாகோணும்னு எங்கையால எழுதறதா? மாட்டவே மாட்டேன் சாமி” என்று காதைப் பொத்திக்கொண்டார். நான் திரும்பி நடந்ததும் பின்னாலேயே வந்து, “நீ எழுதி எம்பேரப் போட்டுக்கோ” என்றார். முதலாளி, “தள்ளோணும். தள்ளுனாத்தான் தறி ஓடும்” என்று தாமே ஓர் அட்டை எழுதினார். முதலாளியம்மா, “மன்னிச்சரட்டும். ஞாயித்துக்கெழமையானா ஊடு நெறையச் சனம், எப்படி இருக்குது” என்று இன்னோர் அட்டை எழுதினார். ஒரே வீட்டிலிருந்து போன இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிட்டதால் மீதியை நானே எழுத வேண்டியதாயிற்று. திருச்சி, தஞ்சாவூர், நாகர்கோவில் என்று ஊர்களைப் போட்டுக்கொண்டே வந்தேன். எல்லா அட்டையிலும் சூலூர் முத்திரைதான் விழும் என்பது ஒன்பதாவது அட்டையில்தான் உறைத்தது. அந்த ஒன்பதிலும் ஊரை அடித்து, எல்லாரையும் சூலூருக்குக் குடியேற்றினேன். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர், இதய பலவீனம் உள்ள இல்லத்தரசி ஒருவர், இரட்டையர் இருவர். விமானப்படையில் இருக்கும் ஒருவராகவும் எழுதினேன். ‘வானத்தை அருகில் இருந்து பார்த்தவன் என்ற முறையில் நிகரனைத் தள்ளுவதே முறை என்று தெரிவித்துக்கொள்கிறேன்.’ அந்த அட்டை எனக்கே பிடித்திருந்தது. இதில் ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. எழுதும்போது நான் அழவில்லை. இவ்வளவு பொய்யை இவ்வளவு நன்றாக எழுத எனக்கு எப்படி வந்தது என்று ஆச்சரியமாகத்தான் இருந்தது. நிகரனுக்கும் காற்று உருளையை விற்கும்போது இப்படித்தான் இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை அட்டைகளைத் தபால் பெட்டியில் போடுவதற்காகப் பையில் எடுத்து வைத்தபோது அம்மா பார்த்துவிட்டார். அறிவொளி வகுப்பில் எழுத்துப் படித்த பிறகு அம்மாவிடம் எதையும் மறைக்க முடிவதில்லை. ஒவ்வொரு அட்டையாக எடுத்து, “நி, க, ர, னைத், தள், ள, வும்” என்று எழுத்துக்கூட்டிப் படித்தார். எல்லா அட்டையிலும் அதேதான் இருக்கிறதம்மா என்று சொல்லியும் கேட்காமல் இருபத்துமூன்றையும் படித்தார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. நான் நின்றுகொண்டே இருந்தேன். இரட்டையர் இருவரிடமும் வந்தபோது மட்டும் அம்மாவுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. பிறகு எல்லாவற்றையும் அடுக்கி என் கையில் கொடுத்தார். “ஒரு வேலைன்னு போனா முடிச்சுப்போட்டுத்தான் வரோணும் கண்ணு. அவரு இருக்கட்டும். நமக்கு என்ன கொறை? இந்த மனுசன் பதினாறு வருசத்துல எங்கிட்ட இத்தனை பேசுனதில்ல, இப்பத்தான் வாராவாரம் பேசறாரு” என்றார். சொல்லிவிட்டு மேலே பார்த்தார். மின்விசிறியில் ஒட்டடை இருந்தது, அதைத்தான் பார்க்கிறார் என்று நினைத்தேன். “இதைய எடுத்த எடத்துலயே வெச்சுரு” என்றார். அட்லஸில் தென் அமெரிக்கா இருக்கும் பக்கத்தில் வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போனேன்.

அப்பா, போகும் வழியில் யோசித்தேன். அம்மா சொன்னதுதான் நியாயம். உங்களைத் தள்ளினால் நிகரன் கெட்டவர் என்று ஆகிவிடும். மன்னித்தால் நிகரன் நல்லவர் என்று ஆகிவிடும். இரண்டுமே உண்மை இல்லை. நடிப்பில் இப்படி ஒருவரை நான் பார்த்ததில்லை, புத்தகத்திலும் படித்ததில்லை. அப்படிப்பட்ட ஒருவரை, பொங்கலுக்குள் நீங்கள் வீட்டுக்கு வர வேண்டும் என்பதற்காக நான் கொல்லப் பார்த்தேன். மெர்சி டீச்சர் கேட்ட முடிவு இப்போது கிடைத்திருக்கிறது, போட்டி முடிந்துபோயிற்று.

இன்று காலை நான்காவது கண்ணாடிக் காட்சி வந்தது. நீங்கள் இளைத்திருக்கிறீர்கள், அது வேஷமா என்று பொங்கியண்ணன் தனியாக எழுதட்டும். கொஞ்ச நேரம் விரலை மட்டும் தேய்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு, “ஊட்டு நெனப்பாவே இருக்குது மாசாணி” என்றீர்கள். விட்டத்தைப் பார்க்கவில்லை. நான் கவனமாகப் பார்த்தேன், பார்க்கவே இல்லை. களத்தில் எல்லாரும் எப்போதோ தலையைத் திருப்பிவிட்டார்கள். முதலாளி தம் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அம்மாவின் உதட்டைப் பார்த்தேன். அம்மா இன்று பதிலே சொல்லவில்லை. எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு, “வா, தண்ணி புடிக்கோணும்” என்று நடந்துவிட்டார். உங்கள் மேல் கோபமா என்று தெரியவில்லை. முதலாளியம்மாகூட, “மாசாணிக்கு என்ன ஆச்சுங்க” என்று என்னைக் கேட்டார். என்னிடம் ‘ங்க’ போட்டார்.

அதனால் நான் சொல்ல வருவது இதுதான். நீங்கள் எங்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். இருபத்தாறு வாரம் என்றால் இருபத்தாறு வாரம். கவனமாக நடியுங்கள், கேப்டனைப் பார்த்து மார்பை நிமிர்த்தக் கற்றுக்கொண்டுவிடாதீர்கள். பல்லடத்து ஃபிட்டர் வந்தால் வரட்டும், அறையை விடச் சொன்னால் பெரியம்மா வால்பாறை எஸ்டேட்டில் லைன் வீடு காலியாக இருப்பதாக எழுதியிருக்கிறார். அங்கே டி.வி. எடுக்குமா என்றுதான் தெரியவில்லை. உங்களை ஒருநாளும் இனிக் கொல்ல நினைக்க மாட்டேன் என்று உறுதி கூறுகிறேன். அட்டைகள் தென் அமெரிக்காவிலேயே இருக்கும். மழை பெய்தால் தலையில் துண்டு போட்டுக்கொள்ளுங்கள். பொங்கியண்ணன் அவர்களுக்கு என் வணக்கம், சாம்பாருக்குப் பதில் ரசம் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் பாதம் இருக்கும் திசை பார்த்துக் கும்பிட்டுக்கொள்ளும்,

மகள்,
கா. பொற்கொடி.

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் நம்ப வேண்டாம் அப்பா. இதைக் குடோனில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். இங்கே டியூப் லைட் இருக்கிறது. ஞாயிறு என்பதால் நாற்பது தறியும் நின்றிருக்கின்றன. அம்மா அந்தக் கோடியில் பஞ்சுத்தூசி கூட்டிக்கொண்டிருக்கிறார். அட்டை எண்ணிக்கையைச் சரிபார்த்துக்கொள்ளலாம் என்று அட்லஸைத் திறந்தேன். தென் அமெரிக்காவில் ஒன்றுமில்லை. ஆப்பிரிக்காவிலும் பார்த்துவிட்டேன். “அம்மா, அட்டை எங்கே” என்று கத்தினேன். சத்தமே இல்லாத குடோனில் அம்மா வாயைத் திறந்து பதில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. விளக்குமாற்றைச் சாய்த்துவைத்துவிட்டு, தறி ஓடுகிறபோது நிற்பதுபோல நின்று, உதட்டை மட்டும் அசைத்தார். சத்தமாகச் சொல்லக் கூச்சப்படுகிறார் என்று புரிந்தது. அப்படியே கீழே எழுதுகிறேன்.

“வெள்ளிக்கெழமையே பொட்டியில போட்டுப்போட்டேன்.”

நீங்கள் ஊட்டு நினைப்பு என்று சொல்வதற்கு இரண்டு நாள் முன்பு. இன்று காலை அம்மா ஏன் பதில் சொல்லவில்லை என்று இப்போது தெரிகிறது. பதிலை முன்னாலேயே தபாலில் போட்டாயிற்று. “இருக்கட்டும்னு சொன்னியேம்மா” என்றேன். அம்மா மேலே பார்த்தார். குடோன் விட்டத்தில் ஒட்டடை இருக்கிறதா என்று நான் பார்க்கவில்லை.

“இருபத்திநாலு” என்று மறுபடி உதட்டை அசைத்தார். ஒன்று அம்மா எழுதியதாம், சொந்தக் கையெழுத்தில், சொந்தப் பெயரில். மன்னிக்கவா தள்ளவா என்று கேட்டேன்.

“ரெண்டும் இல்ல கண்ணு. அவர ஊட்டுக்கு அனுப்பிச்சு வையுங்கன்னு எழுதுனேன்.”

நாம் தோற்றாலும் தோற்போம் அப்பா, இருபத்துநாலு அட்டை தமிழ்நாட்டுக்குப் போதாது. ஆனால் அவர்கள் தள்ளினால் பயப்படாமல் விழுங்கள். அம்மா மெயின் சுவிட்ச் பக்கம் போகிறார். உங்களுக்கு இன்னொன்றும் எழுதச் சொல்லி உதட்டை அசைக்கிறார், “அவருகிட்டச் சொல்லு, நா” என்பதுவரை படித்துவிட்டேன். அதற்குள் விளக்குகளை அணைத்துவிட்டார்.